கெடாத பொருளின் கேடு

போன ஞாயிறு அரைக் கிலோ நண்டு வாங்கலாம் என்று மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் போனேன். மீன் விற்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) நண்டை நிறுத்து ஒரு பைக்குள் போட்டார். கால் குத்திக் கிழித்துவிடும் என்று அதை அப்படியே இன்னொரு பைக்குள் இறக்கினார். தண்ணி ஒழுகும் என்று மூன்றாவதையும் உருவினார். “வேணாம் காக்கா, ரெண்டு காணும்” என்றேன். “காசா கேட்டன் தம்பி? கொண்டு போங்க” என்று சிரித்துக்கொண்டே அதையும் மாட்டிவிட்டார். வீடு வந்து சேரப் பத்து நிமிடம். நண்டு சட்டிக்குப் போனது, மூன்று பையும் குசினி வாளிக்குப் போயின.

அன்று பின்னேரம், ஒரு வீம்புக்கு, வீட்டுக்கு வந்த பைகளை எல்லாம் மேசையில் பரப்பி எண்ணினேன். நண்டுக்கு மூன்று. மரக்கறிக்கு ஐந்து, பச்சை மிளகாய் நூறு கிராமுக்கும் ஒரு தனிப் பை. பருப்புக்கும் சீனிக்கும் இரண்டு, பாணுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் போட ஒன்று. மொத்தம் 14. நாங்கள் நான்கு பேர். விருந்து விசேஷம் எதுவும் இல்லை, சும்மா ஒரு ஞாயிறு.

இந்தப் 14 பையால் உலகம் கெட்டுவிடுமா? தேநீர்க்கடையில் கேட்டால், “அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் புகையை விடுறான், நம்மட பை என்ன செய்யப்போகுது” என்பார்கள். பள்ளிக்கூட மதிலில் பார்த்தால், பூமிக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து அதை அழவிட்டிருப்பார்கள். நாம் ஒவ்வொருவரும் திருந்தினால் போதும் என்று கீழே எழுதியிருக்கும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: கையை விட்டுப் போன பொருள் எங்கே போகிறது, அங்கே எவ்வளவு காலம் இருக்கிறது?

என் வீட்டுப் பை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்பாறைப் பக்கத்து வீடுகளின் பைகள் சில எங்கே போயின என்று உலகத்துக்கே தெரியும். அம்பாறைக்கு அருகே பள்ளக்காடு என்று ஓர் இடம். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை காட்டோரமாக வந்து கொட்டப்பட்ட திடல் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் போட்டிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதானது. திருத்தப்படவில்லை. யானைகள் வந்து போகப் பழகிவிட்டன. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோதுதான், அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அந்தத் திடலில் பிளாஸ்டிக் தின்று இறந்தவை ஏறத்தாழ 20 என்ற கணக்கு வெளியே வந்தது. வயிற்றை வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீன், சாப்பாட்டு உறைகள், பிளாஸ்டிக், தண்ணீர். யானை வழக்கமாகத் தின்று செரிக்கும் தீனியைக் காணவில்லை. ஒலுவில் அஷ்ரப் நகர்க் குப்பைமேட்டில் யானைக் கூட்டம் நிற்கும் படங்களும் 2020இல் நாடு நாடாகப் போயின.

யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசை எதுவும் கிடையாது. அது தேடி வருவது சோறு. நேற்றைய சோறு, புளித்த கறி, தோல் கறுத்த வாழைப்பழம். இதை நாம் எப்படி வீசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நாற்றம் வெளியே வரக்கூடாது, எறும்பு மொய்க்கக்கூடாது என்று ஒரு பைக்குள் கொட்டி, வாயைச் சுருட்டி, இறுக்கி ஒரு முடிச்சுப் போடுகிறோம். துப்புரவான பழக்கம்தான். ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்கத் தும்பிக்கைக்குத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. பை குடலில் அடைக்கிறது. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல், நாலைந்து தொன் எடையுள்ள மிருகம் தன் உடம்பைத் தானே தூக்க முடியாமல் விழுகிறது. சோற்றைத் தனியாகவும் பையைத் தனியாகவும் வீசியிருந்தால் அந்த யானைகளில் சில பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, பழக்கம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா? எங்கள் அம்மம்மாவும் வேலிக்கு வெளியேதான் குப்பையை வீசினார். வாழையிலையில் சாப்பிட்டு, இலையை மடித்து, எழும்பிப் போய் ஒரே வீச்சு. மீன் வாங்கப் பனையோலை உமல் கொண்டு போனார், அது பிய்ந்தால் அதையும் அங்கேயே வீசினார். ஊரே அப்படித்தான் வாழ்ந்தது. வாவிக்கரையில் இருந்தவர்கள் வாவிக்குள் வீசினார்கள். இலையை மாடு தின்றது, மாடு விட்டதைப் புழு தின்றது, மாரி மழை மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போனது. எதை வீசினாலும் ஆறு மாதத்தில் மண்ணாகிவிடும் என்ற நிலையில், வேலிக்கு வெளியே வீசுவது பிழையான பழக்கமே இல்லை. அவருக்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் அது சரியான பழக்கம்.

கை வீசுவது அன்றும் இன்றும் ஒன்றுதான். கையில் இருக்கும் பொருள்தான் வேறாகிவிட்டது. 1950இல் உலகம் முழுக்க ஒரு வருடத்துக்கு 20 இலட்சம் தொன் பிளாஸ்டிக்தான் செய்தார்கள். இன்று அது 40 கோடி தொன்னைத் தாண்டிவிட்டது. 2015 வரை மொத்தமாகச் செய்தது 830 கோடி தொன் என்றும், அதில் குப்பையாய்ப் போனதில் 9 வீதம்தான் திரும்பப் பாவனைக்கு உருக்கப்பட்டது என்றும் 2017இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. 12 வீதம் எரிக்கப்பட்டது. மீதி இன்னும் எங்கேயோ இருக்கிறது. மண்ணில், கடலில், வயிற்றில். பொலித்தீன் பையின் பெருமை என்ன? நனையாது, உக்காது, பூச்சி அரிக்காது. அதாவது கெடாது. அந்தக் குணத்துக்காகத்தான் அதை விரும்பி வாங்கினோம். கேடும் அதே குணத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பிரிவை விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஊரின் பழக்கம் உலகத்தின் சிக்கலாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளக்காட்டு யானை முதல் வழி. அந்தப் பை அம்பாறையில்தான் கேடு செய்கிறது, பிரேசிலில் உள்ள எதையும் தொடாது. ஆனால் பிரேசிலிலும் ஒரு பள்ளக்காடு இருக்கிறது. கென்யாவில் ஒன்று, பிலிப்பைன்சில் நூறு. ஒவ்வொன்றும் தனித்தனி ஊர்க்கேடு. எல்லாம் கூடும்போது உலகக்கேடு. இந்த வகையில் ஒரு நல்ல செய்தி, ஓர் ஊர் தன் குப்பையை ஒழுங்காகக் கையாண்டால் அந்த ஊர் யானை பிழைத்துக்கொள்ளும். மற்ற ஊருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி வேறு மாதிரி. எங்கே விட்டாலும் பொதுவில் போய்க் கலந்துவிடுகிற பொருள்கள் இருக்கின்றன. காற்றுக்கு வேலி கிடையாது. மட்டக்களப்பில் விட்டதும் மெக்சிகோவில் விட்டதும் சில மாதங்களில் ஒன்றாகிவிடும். இந்த வகைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான பாடம் பிரிட்ஜும் ஸ்பிரே போத்தலும்.

ஆரம்பகாலக் குளிர்பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற வாயுக்கள்தான் இருந்தன. ஒழுகினால் ஆள் செத்துப்போகும். அதற்கு மாற்றாக 1928இல் குளோரோபுளோரோகாபன் என்ற வாயு வகையைக் கண்டுபிடித்தார்கள். எரியாது, நஞ்சில்லை, எதனோடும் சேர்ந்து கெடாது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பிரிட்ஜுக்கும் ஏசிக்கும், அப்புறம் தலைமுடி ஸ்பிரே, வாசனை ஸ்பிரே, பூச்சி மருந்து ஸ்பிரே என்று எல்லாவற்றுக்கும் அதையே நிரப்பினார்கள். காலையில் குளித்துவிட்டு அக்குளுக்கு ஒரு தரம் அடிப்பது எவ்வளவு சின்ன காரியம்!

1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு இரசாயன அறிஞர்கள் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். கெடாத வாயு என்றால், விட்டதெல்லாம் எங்கே போகிறது? விடை இதுதான்: கீழே எதுவும் அதைக் கெடுக்க முடியாததால், அது மெதுவாக மேலே மேலே போய், ஓசோன் படலம் இருக்கும் உயரத்தை அடைகிறது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுத்தான் முதன்முதலாக உடைகிறது. உடையும்போது குளோரீன் அணு ஒன்று வெளியே வருகிறது. அந்த ஓர் அணு, தான் அழியாமலே, ஒரு இலட்சம் வரையான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடியது. 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்து ஓட்டை போலாகிவிட்டது என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கதிரைத் தடுக்கும் ஓசோன் இல்லாவிட்டால் தோல் புற்றுநோய் மட்டும் இல்லை, கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசி வரை பாதிக்கப்படும். அந்தப் பாசிதான் கடல் உணவுச் சங்கிலியின் அடிப்படை. நியூயோர்க்கிலோ பாரிசிலோ இருந்த ஒருவருடைய அக்குளும் உலகக் கடலும் இப்படித்தான் தொடுப்பாயின.

ஆகவே, அன்றாடப் பழக்கம் உலகச் சூழல் தொகுதியைப் பாரதூரமாகக் கெடுக்குமா என்ற கேள்விக்கு 1985இலேயே விடை வந்துவிட்டது. கெடுக்கும். ஆனால் அந்தக் கதையின் அடுத்த பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1987இல், ஓசோனைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989இல் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஆனால் யாரும் பிரிட்ஜைக் கைவிடவில்லை. யாரும் அக்குளுக்கு அடிப்பதை நிறுத்தவில்லை. போத்தலுக்குள் இருந்த வாயுவை மாற்றினார்கள், அவ்வளவுதான். கட்டுப்படுத்திய பொருள்களில் ஏறத்தாழ 99 வீதம் பாவனையிலிருந்து போய்விட்டது. உலகின் பெரும்பகுதிக்கு மேலே ஓசோன் 2040 அளவிலும், அந்தாட்டிக்காவுக்கு மேலே 2066 அளவிலும், 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள். விட்டது சில தசாப்தம், ஆறுவதற்கு முக்கால் நூற்றாண்டு. கெடாத பொருளின் கணக்கு அப்படி.

மாற்றாக வந்த வாயுவும் முழுக்க நல்லபிள்ளை இல்லை. அது ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு வலியது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போன சித்திரையில் ஏசி பழுதானது. திருத்த வந்த தம்பி நல்ல வேலைக்காரன். குழாயைக் கழற்றுவதற்கு முன், உள்ளே மிச்சமிருந்த காஸை வெளியே திறந்துவிட்டான். புஸ்ஸென்று ஒரு சத்தம். அரை நிமிடம் கூட இல்லை. மணமும் இல்லை, புகையும் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற காஸ் ஒரு கிலோ வெளியே போனால், அது ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரித்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். அப்படியென்றால் அந்தப் புஸ், 900 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் 40,000 கிலோமீற்றர். பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். இலங்கையர் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குச் சராசரியாக ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டுத்தான் பங்கு வரும். இரண்டு பேர் ஒரு வருடம் முழுக்க விடுவது, அரை நிமிடத்தில் போய்விட்டது. பையோடு ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. ஒரு மெல்லிய பையைச் செய்ய வெளியாகும் காபனீரொட்சைட்டு சில பத்துக் கிராம்தான். அந்த ஒரு புஸ்ஸுக்கு ஈடு கட்டப் பல பத்தாயிரம் பைகளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பை பரவாயில்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. பையின் கேடு வயிற்றில், காஸின் கேடு வானத்தில். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. ஆனால் நம் கண்ணில் படுவதும் குற்ற உணர்வு தருவதும் எப்போதும் பைதான். கண்ணில் படாத காஸுக்குப் பள்ளிக்கூட மதிலில் இடமில்லை. இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் மொன்றியல் உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், இலங்கையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் திருத்த வரும் தம்பியின் கையில், மிச்சக் காஸை உறிஞ்சி எடுத்துச் சிலிண்டரில் அடைக்கும் மெசினை யாராவது கொடுத்தால்தானே!

இனிப் பெரிய ஆளுக்கு வருவோம். காபனீரொட்சைட்டு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதுவும் இலகுவில் கெடாத பொருள். இன்று விட்டதில் ஒரு பங்கு பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே இருக்கும். இதனால் பூமியில் கூடிய வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. காயான்கேணி, பாசிக்குடாப் பக்கம் முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த நாட்டுக் கரையோரங்களில் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்டார்கள். வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு, வெற்றிலைக்கும் சுண்ணாம்பு. அது ஊர்க்கேடு. சூளையை மூடினால் நின்றுவிடும். இன்றைய கேடு அப்படி இல்லை. கடல் கொஞ்சம் கூடச் சூடானால், முருகைக்கல்லுக்குள் வாழ்ந்து அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கிற நுண்பாசி வெளியேறிவிடுகிறது. கல் வெளிறி, சூடு தொடர்ந்தால் பட்டினியில் சாகிறது. 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளிறலில், உலகின் முருகைக்கல் பரப்பில் 80 வீதத்துக்கு மேல் அந்த அளவு வெப்பத்துக்கு ஆளானது. காயான்கேணி மீனவர் ஒரு கல்லைக் கூடத் தொடாமல் இருந்தாலும் அந்தச் சூடு வரும்.

இந்தச் சூட்டில் நம் பங்கு எவ்வளவு? உலகக் காபனீரொட்சைட்டில் முழு இலங்கையும் சேர்ந்து ஒரு வீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. உலகின் வசதியான 10 வீதத்தினர்தான் ஏறத்தாழ பாதியை விடுகிறார்கள். தேநீர்க்கடைப் பேச்சு இந்த இடத்தில் சரி. ‘காபன் அடிச்சுவடு’ என்று ஒவ்வொருவரும் தன்னைத் தானே அளந்து பார்க்கும் வழக்கத்தை 2000களின் நடுப்பகுதியில் விளம்பரம் போட்டுப் பரப்பியது யார் தெரியுமா? பிபி என்ற எண்ணெய்க் கம்பனி. எண்ணெய் விற்பவர், வாங்குகிறவரைப் பார்த்து “நீ எவ்வளவு எரித்தாய்” என்று கேட்பது நல்ல சாமர்த்தியம்தான்.

பழக்கத்தின் எல்லை எவ்வளவு என்பதை நாம் நினையாமலே ஒரு தரம் சோதித்தும் பார்த்துவிட்டோம். 2020இல் ஊரடங்கு. விமானம் இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. திருக்கோவிலிலிருந்து பொத்துவிலுக்குப் போக முடியாமல் கிடந்தோம். உலகில் கோடிக்கணக்கானோர் எந்தப் பிரசாரமும் இல்லாமல் ஒரே நேரத்தில் பழக்கத்தை மாற்றிக்கொண்ட வருடம் அது. அந்த வருடம் உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் குறைந்தது ஏறத்தாழ 5 வீதம்தான். உலக வெப்ப உயர்வு 1.5 பாகைக்குள் நிற்க வேண்டுமானால் 2020 தொடங்கிப் பத்து வருடமும், வருடத்துக்கு 7.6 வீதம் குறைய வேண்டும் என்று அதற்கு முந்திய வருடம்தான் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் சொல்லியிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தும் அந்த அளவு வரவில்லை. ஏன் என்றால், வீட்டுக்குள் இருந்தும் மின்விசிறி சுழன்றது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து வந்தது. சுவிட்சைத் தட்டுவது என் பழக்கம். சுவிட்சுக்குப் பின்னால் நிலக்கரியா சூரிய ஒளியா என்பதை நான் தட்டித் தீர்மானிக்க முடியாது.

சோற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று சொன்னால் அம்பாறையில் அடிக்க வருவார்கள். ஆனால் இருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மெதேன் வாயுவை விடுகின்றன. நெற்பயிரின் தண்டே குழாய் போல அதை மேலே கொண்டுவந்து விடுகிறது. மனிதரால் வெளியாகும் மெதேனில் 8 வீதம் அளவு உலகின் நெல்வயல்களிலிருந்து வருகிறது. தண்ணீரைக் கட்டியும் இடையிடையே வற்றவிட்டும் செய்தால் மெதேன் 30 வீதமும் அதற்கு மேலும் குறையும் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். மெதேன் கெடுகிற பொருள். 12 வருடம் அளவில் காற்றில் அழிந்துவிடும். அதனால் இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும். அப்படியானால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? வயல் வட்டைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்றால்தான் புல் முளைக்காது. வற்றவிட்டால் களைநாசினிக்குக் காசு வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை சொல்வது, தனி ஆள் தன் வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடையை நினைத்த நேரம் திறந்து பூட்ட முடியாது. பழக்கம் என்று வெளியாள் பார்ப்பது, உள்ளே போனால் தண்ணீர் முறையும் கடன் கணக்குமாக இருக்கிறது.

அழகுக்காகச் செய்த ஒரு காரியத்தின் கதையும் இங்கே கிடக்கிறது. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கித் தாம்போதியில் மாரிக்கு வந்து அடைக்கும் ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) பார்த்திருப்பீர்கள். ஊதாப்பூ, பச்சைக் கம்பளம். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. பூ வடிவாக இருக்கிறது என்று 1905 வாக்கில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலே வருடத்தில், 1909இல், அதை வைத்திருப்பதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்தில் இரட்டிக்கிற செடி. விதை சேற்றுக்குள் 15, 20 வருடம் உயிரோடு கிடக்கும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இதே செடிதான் 1990களில் துறைமுகங்களை அடைத்தது. நம் வயலிலிருந்து கழுவிப்போகும் யூரியாவும் வீட்டுக் கழிவுநீரும் அதற்கு உரம். கடலோடு சேரும் ஆற்றுவாய் வெட்டி உப்புத்தண்ணீர் உள்ளே வந்தால் வாவிக்குள் வந்ததெல்லாம் அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும், மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

பழக்கம் எப்படி மாறுகிறது என்பதில் எனக்கு உபதேசத்தின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அயர்லாந்தில் 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 யூரோ சதம் வரி போட்டார்கள். வருடத்துக்கு ஆளுக்கு 328 பை பாவித்த நாட்டில், அது 21 ஆக விழுந்தது. அந்த நாட்டு மக்களுக்கு ஒரே இரவில் ஞானம் வந்ததா? பதினைந்து சதம் வந்தது. நம் நாட்டில் 20 மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007இலேயே தடை. 2017 செப்டம்பரில் சோறு சுற்றும் லஞ்ச் சீட்டுக்குத் தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டுக்குத் தடை. 2025 நவம்பரிலிருந்து கடைக்காரர் பையை இலவசமாகக் கொடுக்காமல் விலையைப் பில்லில் காட்ட வேண்டும். சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பில் என்ற ஒன்றே இல்லாத மீன் பலகையில், 2007இல் வந்த தடையே இன்னும் வந்து சேரவில்லை.

தடை மட்டும் போட்டு, மாற்றைக் கையில் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இரசாயன உரத்தில் பார்த்தோம். 2021 மே மாதத்தில் ஒரேயடியாக இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். யூரியா வாவிக்குள் போவது நல்லதில்லைதான். ஆனால் இடையில் அந்தப் பெரும்போகம் போய்விட்டது. சேதனப்பசளை (இயற்கை உரம்) என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பும் விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். மொன்றியலில் தடையும் மாற்று வாயுவும் சேர்ந்து வந்தன. குறைப்பதற்குப் பல வருடத் தவணை இருந்தது. வறிய நாடுகளுக்குக் கூடுதல் தவணையும் காசும் கிடைத்தன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் அதுதான்.

இந்த ஞாயிறு மூடி போட்ட ஒரு வாளியோடு மீன் வாங்கப் போனேன். காக்கா வாளியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். “வாளிட பாரத்த எப்படித் தம்பி கழிக்கிற?” என்றார். டிஜிட்டல் தராசு அது. வாளியை வைத்துப் பூச்சியத்தை அமர்த்தினால் சரி என்றேன். எந்தப் பொத்தான் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பொத்தான்களின் மேல் செதில் காய்ந்து எழுத்தே மறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக அமர்த்திப் பார்த்து, கடைசியில் 0 வந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேருக்கு, பழைய கைத்தராசில் நிறுத்து, ஆளுக்கு இரண்டு பையில் மீன் போய்விட்டது.